நாலு பை, நாலு போர்வை

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நாலு துணிப்பை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு போர்வை வேலை, பாதியில். மூத்ததைத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. கடைக்குட்டி போன துலாமழைக்குத் தொடங்கியது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, இஞ்சிவிளைப் பக்கம் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் காலை ரயிலில் திருவனந்தபுரம் வேலைக்குப் போய்விட்டால் இருட்டிய பிறகுதான் வருவார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ரெண்டு பேர், எழுபதைத் தாண்டிய மாமி (என் மாமியார்), ரெண்டு ஆடு, ஒரு முற்றம் நிறைய சருகு. இதற்கு நடுவில்தான் தையல்.

மாமி அடிக்கடி கேட்பார்: "ஒண்ணெ முடிச்சிட்டு அடுத்ததெ எடுக்கப்பிடாதா மக்ளே?" நானும் ரொம்ப நாள் அதுதான் சரி என்று நினைத்தேன். முதல் இரண்டு வருஷம் ஒரே ஒரு போர்வையைத்தான் கையில் வைத்திருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் அது நகர்ந்தது மூன்று முழம்கூட இருக்காது.

காரணம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. அப்போது அந்தப் போர்வை வெட்டும் கட்டத்தில் இருந்தது. துணி வெட்ட வேண்டுமென்றால் தரை காலியாக இருக்க வேண்டும், இஸ்திரிப் பெட்டி சூடாக இருக்க வேண்டும், யாரும் கூப்பிடக்கூடாது. அப்படி ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு தடவை கிடைத்தால் பெரிசு. ஆனால் வேறு நேரங்கள் நிறையக் கிடைத்தன. பேருந்து நிறுத்தத்தில் கால் மணி நேரம். ஆசுபத்திரியில் சீட்டு எடுத்துவிட்டுக் காத்திருக்கிற ரெண்டு மணி நேரம். சோறு வடிய வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் நிற்கிற ஐந்து நிமிஷம். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு முக்கால் மணி நேரம். இதில் எதிலும் துணி வெட்ட முடியாது. அதனால் ஒன்றுமே செய்யாமல் இருந்தேன், நேரமே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு.

நேரம் இருந்தது. அது விதவிதமாக வந்தது, என் வேலைதான் ஒரே விதமாக இருந்தது. இதைக் கண்டுகொண்ட பிறகுதான் இரண்டாவது போர்வையைத் துணிந்து எடுத்தேன். இப்போது நாலும் நாலு கட்டத்தில் நிற்கின்றன. வீடு எந்த விதமான நேரத்தைக் கொடுத்தாலும் அதற்கு ஏற்ற வேலை ஒரு பையில் தயாராக இருக்கும்.

ஒன்றாம் பை மாமனாரின் வேட்டிகள். அவர் போய் ஏழு வருஷம். எல்லாம் பலராமபுரம் கைத்தறி. நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் போகிற வழியில்தானே பலராமபுரம். பலராமவர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) திவான் உம்மிணித் தம்பி தமிழ்ப் பக்கத்திலிருந்து நெசவு செய்கிற சாலியர்களை அழைத்து வந்து குடியமர்த்திய நெசவு ஊர் அது. இன்றும் அங்கே குழித்தறி ஓடுகிறது. அந்த வேட்டிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று வித்தியாசம் தெரியாது. ஒட்டுத்துணி வேலைக்கு இதைவிடத் தோதான துணி எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். புதுக் கைத்தறியில் பாவுக்கு ஏற்றிய கஞ்சி நின்றுகொண்டே இருக்கும். வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, அலசி, வெயிலில் காயப்போட்டு, அதன் பிறகுதான் கத்திரியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் தைத்து முடித்தபின் முதல் சலவையிலேயே சுருங்கி, போர்வை முழுக்கச் சுளிந்துவிடும். பழைய வேட்டிக்கு இந்தக் கவலை இல்லை. ஆயிரம் தடவை சலவை கண்ட துணி அது.

இந்தப் பையில் இருப்பது மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கிற வேலை. மடி நிறையப் போர்வை கிடக்க வேண்டும், அதனால் ராத்திரிக்குத்தான் ஆகும். இந்த நாட்டுச் சூட்டுக்கு நடுவில் பஞ்சு வேண்டாம். மேலே வேட்டித் துண்டுகள், நடுவே இன்னொரு பழைய வேட்டி, அடியில் மாமியின் நூல் சேலை, அவ்வளவு போதும். தையல் வரிகளுக்கு இடையே நாலு விரல்கடைக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. விட்டால் நடு அடுக்கு சுருண்டு ஒரு பக்கம் கூடிவிடும். நூல் ஒரு முழத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. நீள நூல் எடுத்தால் கோர்க்கிற நேரம் மிச்சம் என்று தோன்றும், ஆனால் முறுக்கேறிச் சிக்கு விழுந்து, அவிழ்க்கிற நேரம் அதைவிட ரெண்டு மடங்கு ஆகும். ராத்திரி விளக்கில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் கண்ணைக் கொல்லும். அதனால் ராத்திரித் தையலுக்கு வெளிர் நீல நூல் வாங்கினேன். இப்போது அந்த நீல வரிகள்தான் போர்வைக்கே அழகு என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

போனவரின் துணியில் போர்வை தைப்பது எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அங்கே உள்ள கறுப்பினப் பெண்கள் தேய்ந்துபோன வேலைத்துணிகளை வைத்தே போர்வை தைத்தார்கள். மிசூரி பெட்வே என்ற அம்மா, இறந்துபோன தன் கணவரின் வேலைத்துணிகளை எடுத்து 1942இல் ஒரு போர்வை தைத்தார். பல வருஷம் கழித்து, 2002இல் அந்த ஊர்ப் போர்வைகளை ஹூஸ்டனில் அருங்காட்சியகச் சுவரில் தொங்கவிட்டார்கள். அந்த அம்மாவின் போர்வைப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு மாமனாரின் வேட்டிப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. எங்கோ இருந்த ஓர் அம்மாவுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது.

இரண்டாம் பை மூத்தவளுக்கு. அதில் ரெண்டு மாநிலத் துணியும் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. மாமி பிறந்த வீடும் என் பிறந்த வீடும் அந்தப் பக்கம், நாங்கள் இருப்பது இந்தப் பக்கம். மகளுக்கு அரசுப் பள்ளியில் கைத்தறிச் சீருடை கிடைத்தது. 2017 முதல் கேரளத்தில் கொடுக்கிறார்கள். என் அம்மாவுக்கு ரேஷன் கடையில் பொங்கல் சேலை கிடைக்கும், எம்.ஜி.ஆர். 1983இல் தொடங்கிய திட்டம். ரெண்டையும் அடுத்தடுத்துக் கட்டங்களாக வைத்தால் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஆசையாகத் தொடங்கினேன்.

பன்னிரண்டு கட்டம் சேர்த்துத் துவைத்துப் பார்த்தேன். கைத்தறி சுருங்கியது. பொங்கல் சேலை பாலிகாட், அது அசையவில்லை. கட்டங்கள் அங்கங்கே குமிழ் போட்டு நின்றன. பன்னிரண்டையும் பிரித்தேன். அதன் பிறகு சீருடைத் துணியை மூன்று தடவை வெந்நீரில் அலசி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகே வெட்டினேன். முதலில் ஒரு சிறு மாதிரி தைத்து, துவைத்து, காயவைத்துப் பார்ப்பதுதான் நேரத்தைக் காப்பாற்றும்.

இந்தப் போர்வைக்குக் கணக்கு சொல்கிறேன். ஒரு கட்டம் ஆறு அங்குலம். நாலு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும், ஆகவே வெட்டுவது ஆறரை அங்குலம். அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பதினாலு, மொத்தம் 140 கட்டம். ஒரு கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்க்க எனக்குக் கால் மணி நேரம் ஆகும், ஒரு பேருந்துக்குக் காத்திருக்கிற நேரம். பத்துக் கட்டம், ஒரு நூல்கண்டு, ஒரு ஊசி, மழுங்கல் முனைக் கத்திரி இவ்வளவும் ஒரு பழைய சோப்பு டப்பாவில் அடங்கும். டப்பா எப்போதும் என் தோள்பையில் இருக்கும். போன வருஷம் மாமிக்குக் கண்புரை எடுத்தபோது ஆசுபத்திரி வராந்தாவிலேயே முப்பத்தெட்டுக் கட்டம் சேர்ந்தது.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் ஊசியை எண்ணாமல் தைக்கக்கூடாது. டப்பாவின் மூடியில் எண்ணிக்கையை எழுதி ஒட்டியிருக்கிறேன். எடுத்தது எத்தனையோ அத்தனையும் திரும்பி வந்தால்தான் எழுந்திருப்பேன்.

மூன்றாம் பையில்தான் எனக்கு மனவருத்தம். தங்கச்சி பிரசவத்துக்கு என்று பெரிய போர்வையாகத் தொடங்கினேன். குழந்தை பிறந்தபோது நடுப்பகுதி மட்டும் இருந்தது, முப்பது அங்குலச் சதுரம், இருபத்தைந்து கட்டம். அன்று அழுகையே வந்துவிட்டது. எங்கள் பக்கம் பிறந்த குழந்தையைப் பழைய மிருதுவான முண்டில்தான் சுற்றுவோம். அன்றும் அதில்தான் சுற்றினார்கள், யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாள் குறித்த காரியத்துக்குப் பெரிய போர்வை தொடங்கக்கூடாது என்பது அன்றைக்கு மனதில் பதிந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது. அந்தச் சதுரத்தின் ஓரத்தை மடித்துத் தைத்துத் தொட்டிலுக்கே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் திரும்ப வாங்கி, சுற்றிலும் மூன்று அங்குலப் பட்டி ஒரு சுற்று கூட்டுகிறேன். இப்போது மூன்று சுற்று ஆகி நாற்பத்தெட்டு அங்குலத்தில் நிற்கிறது. குழந்தையும் போர்வையும் சேர்ந்தே வளர்கின்றன.

குழந்தைத் துணி வைக்கிற பையில் அந்துருண்டை போடாதீர்கள், பச்சைக் குழந்தைகளுக்கு அது ஆகாது. காய்ந்த வேப்பிலையும் வசம்பும் போதும். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் துணியைக் கரிம்பன் பிடிக்கும், கருப்பாகப் புள்ளி விழும், விழுந்தால் போகாது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரில் துணியைக் கட்டி வைத்ததால் ஒரு நல்ல மல்துணி முழுக்கப் போயிற்று. துணிப்பைதான் வேண்டும். மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் முதல் நாள் நாலு பையையும் கொடியில் கவிழ்த்துவிடுவேன். சாயம் போகிற சிவப்புத் துணியைத் தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளிகிற வரை அலசாமல் எதனோடும் சேர்க்காதீர்கள். மாமனாரின் வேட்டித் துண்டு ஒன்றில் சிவப்பு இறங்கிவிட்டது. அதன்மேல் ஒரு பூவரச இலை வடிவில் பச்சைத் துணி வெட்டி வைத்துத் தைத்திருக்கிறேன்.

நாலாம் பை எனக்கு ரொம்பப் பிரியமானது. அதில் இருப்பது வேறோர் ஊர் முறைத் தையல். கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளில், எல்லாபுரா, ஹளியாள் பக்கம், சித்தி இன மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் தைக்கிற போர்வைக்குக் கவாண்டி என்று பெயர். பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகச் சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். துண்டு வைப்பதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே ஓடுதையல்தான். அளவு எடுக்க வேண்டாம், கட்டம் வெட்ட வேண்டாம். கடைசியில் நாலு மூலையிலும் மடித்த துணியில் பூ மாதிரி வைத்தால்தான் அவர்களுக்கு அது முழுமையான போர்வை. பாதியில் நிறுத்தினாலும் அதுவரை தைத்தது முழுசாகத் தைத்ததுதான். அதனால் அடுப்படி ஐந்து நிமிஷத்துக்கு இந்தப் பை. சின்னவனும் இதில் தைக்கிறான். அவன் தையல் ஒரு விரல் நீளம் இருக்கும். நான் பிரிப்பதில்லை.

எப்போது வேண்டுமானாலும் கீழே வைக்கக்கூடியதாக வேலை இருக்க வேண்டும் என்பதை எனக்குக் காட்டியது என் பாட்டியின் லேஸ் தலையணை. மார்த்தா மால்ட் அம்மையார் 1820களில் நாகர்கோவில் மிஷன் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ், பிற்பாடு இந்த வட்டாரமெங்கும் பரவியது. உருண்டைத் தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுகிற வேலை. பசு கத்தினால் பாட்டி அப்படியே எழுந்து, தலையணைமேல் ஒரு தோர்த்தைப் போட்டு மூடிவிட்டுப் போவார். திரும்பி வந்தால் நூல் நின்ற இடத்தில் நிற்கும்.

அதற்கு ஈடாக நான் செய்வது ஒரு சீட்டு. ஒவ்வொரு பையிலும் ஒரு சிறு தாள், எந்த இடத்தில் நிறுத்தினேன், அடுத்து என்ன என்று. ஒரு மாதம் கழித்துப் பையைத் திறந்தால் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே கிடைத்த நேரம் போய்விடும். அதனால் எழுந்திருக்கும் முன் சீட்டு எழுதி, அடுத்த நூலைக் கோர்த்து ஊசியைத் துணியில் குத்திவிட்டுத்தான் எழுவேன். குழப்பமான இடத்தில் நிறுத்த மாட்டேன், இன்னும் ரெண்டு தையல் போட்டு, சுலபமான இடத்துக்கு வந்து நிறுத்துவேன். மகள் ஒருநாள் சீட்டை மலையாளத்தில் எழுதிவைத்தாள். மாமிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும், "இது எனக்கு ஆவாது, தமிழ்ல எழுதிப் போடு பிள்ளே" என்றார். அவர் ஏன் சீட்டை வாசிக்கிறார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கண் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து, ஒரு மத்தியானம் உள்ளே வந்தபோது மாமி கட்டிலில் ஒன்றாம் பையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு துண்டாகத் தடவிக்கொண்டிருந்தார். "இது அவ்வோ ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கெட்டிட்டுப் போனது. இது பெரியவனுக்கெ கல்யாணத்துக்கு எடுத்தது." எனக்கு எல்லாம் ஒரே வெள்ளை வேட்டி. அவர் விரலுக்குக் கரை தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

இன்று காலை ஒன்றாம் பையைத் திறந்தேன். நான் விட்ட இடத்திலிருந்து ஒரு முழம் தாண்டித் தையல் போயிருந்தது, நீல நூலில், கொஞ்சம் ஏறியும் இறங்கியும். ஊசி கோர்த்துக் குத்தியிருந்தது. சீட்டில் என் எழுத்துக்குக் கீழே, கோணலான தமிழ் எழுத்தில் இருந்தது: "பச்ச எலைக்கு அந்தாண்ட வரெ தச்சாச்சி. பாக்கி நாளைக்கு மத்தியானம்."