மும்பை வெள்ளமும் நகர அமைப்பும்

மழைக்காலம் பிறந்துவிட்டால் மும்பையில் வாழும் நாம் இரண்டு நேரங்களைப் பார்த்தே வெளியே கிளம்புகிறோம். ஒன்று ரயில் வரும் நேரம். மற்றொன்று கடல் ஏறும் நேரம். இன்று இத்தனை மணிக்கு இத்தனை மீட்டர் ஓதம் என்று நாளிதழ்கள் அச்சிடுகின்றன. வானத்து மழைக்கும் கடலின் ஏற்றத்திற்கும் என்ன உறவு என்று நம் சங்கத்து நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டதுண்டு. நிலவியலில் எம்.எஸ்ஸி. பயில்பவன் என்ற முறையில் விடை கூற முயல்கிறேன். விடை விஞ்ஞானத்தில் தொடங்கி நகர அமைப்பில் போய் நிற்கிறது. ஆதலின் இலக்கியமும் வணிகமும் பயிலும் நண்பர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. உச்சிக்கும் அடிக்கும் இடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே ஏற்றம் நாலரை மீட்டரைத் தொடும். நகரத்தின் மழைநீர் வடிகால்களோ கடலிலும் கழிகளிலும் வாய் திறக்கின்றன. ஓதம் ஏறும்போது அவ்வாய்களுள் பல மூழ்கிவிடுகின்றன. அப்போது நீர் தானாக வடியாது. சில இடங்களில் கடலே உள்ளே புகும். கதவு போட்டு அடைக்கலாமே என்பீர்கள். அடைத்தால் கடல் வெளியே நிற்கும். நம் தெருவின் மழைநீர் உள்ளே நிற்கும். எந்திரம் வைத்து இறைக்கலாம். இறைக்கும் நிலையங்கள் சில இருக்கவும் செய்கின்றன. ஆனால் எந்திரத்தின் வேகத்திற்கு ஏற்றபடி மழை பெய்வதில்லை. ஆகவே கடல் இறங்கும் வரையில் இந்த நீர் எங்கே காத்திருக்கும் என்பதே கேள்வி.

2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று இக்கேள்வி மிகக் கொடிய முறையில் எழுந்தது. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மிலிமீட்டர் மழை பதிவாயிற்று. அதே நகரின் தென்முனையான கொலாபாவில் 75 மிலிமீட்டர்கூட இல்லை. பெருமழை கொட்டிய அதே பிற்பகலில், நான்கு மணியை ஒட்டி, கடலும் உச்சிக்கு ஏறியிருந்தது. நகரில் 400 பேருக்கு மேல் மாண்டனர். மாநிலம் முழுவதும் மாண்டவர் ஆயிரத்திற்கும் மேல். எனக்கு அப்போது மூன்று வயது, ஒன்றும் நினைவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இரவு முழுதும் படிக்கட்டில் நின்றதாக அம்மா சொல்வார்கள்.

இத்தகைய மழையை எந்த வடிகாலும் தாங்காது என்பது உண்மையே. ஆனால் சாதாரண ஆண்டுகளிலும் நாம் முழங்கால் நீரில் நடக்கிறோமே, அது ஏன்? இங்கே ஒரு சிறு கணக்கு இருக்கிறது. நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மிலிமீட்டர் மழைக்கு அமைக்கப்பட்டவை. அதுவும் கடல் இறங்கியிருக்கும் வேளையில். அதுவும் பெய்வதில் பாதி மண்ணில் ஊறிவிடும் என்று கொண்டு. அதாவது, அவை ஏந்த வேண்டியது மணிக்குப் பன்னிரண்டரை மிலிமீட்டரே. 1985இல் வந்த வெள்ளத்திற்குப் பின் ஆராய்ந்து 1993இல் அளிக்கப்பட்ட அறிக்கை, மணிக்கு 50 மிலிமீட்டர் மழைக்கு வடிகால் வேண்டும், ஒரு துளியும் ஊறாது என்று கொள்ள வேண்டும் என்றது. 25க்கு 50 என்றால் இரு மடங்கு என்று தோன்றும். உண்மையில் பன்னிரண்டரைக்கு 50, நான்கு மடங்கு! மழை கூடாமலே, மண்ணை மூடியதனால் மட்டும், வடிகாலின் சுமை ஒரு மடங்கு ஏறிவிட்டது. அந்த அறிக்கையின் வேலைகள் மும்முரமாக எடுக்கப்பட்டது 2005க்குப் பிறகே.

மித்தி ஆற்றின் கதையை இங்கே நீட்ட விரும்பவில்லை. விகார், பவாய் ஏரிகளின் மிகைநீரைக் கொண்டு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாகிம் கழியில் சேரும் ஆறு அது. விமான நிலையத்தருகே ஒடித்துத் திருப்பினோம். கழிமுகத்துச் சதுப்பைத் தூர்த்துப் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் எழுப்பினோம். மித்தி என்றால் இனிப்பு என்று பொருள். அதன் கரையில் மூக்கைப் பொத்தி நடந்தவர்களுக்கு இப்பெயர் நகைப்பையே தரும்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். அங்கே மழை பெய்தால் நீர் குளத்தில் தங்கும். குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்திற்குப் போகும். ஓட வழி விட்டதோடு நில்லாமல், தங்க இடமும் விட்டார்கள். மும்பைக்கு அந்த இடத்தைச் சதுப்பும் அலையாத்திக் காடும் உப்பளமும் தந்துவந்தன. அலையாத்திகளை அழிப்பதற்கு 2018இல் பம்பாய் உயர்நீதிமன்றம் மாநிலம் முழுவதும் தடை விதித்தது நல்ல செய்தி. நகரின் நடுவிலும் ஒருமுறை இடம் கிடைத்தது. அதைத்தான் நண்பர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டும்.

பரேல், லோயர் பரேல் பகுதிகளில் பஞ்சாலைகள் ஓய்ந்தபின், ஏறத்தாழ 600 ஏக்கர் ஆலை நிலம் மிஞ்சிற்று. 1991ஆம் ஆண்டு விதியின்படி, அந்நிலத்தில் புதிதாகக் கட்டுவோர் மூன்றில் ஒரு பங்கைத் திறந்த வெளிக்கும் பொதுத் தேவைக்கும், மற்றொரு பங்கை எளியோர் வீடுகளுக்கும் விட வேண்டும். 2001இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாமல் வெறுமையாகக் கிடந்த பகுதிக்கு மட்டுமே பங்கீடு என்றாயிற்று. ஆலை நிலத்தில் வெறும் நிலம் எவ்வளவு இருந்திருக்கும்! 2006இல் உச்சநீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. விதி செல்லும், வெள்ளம் எங்கே செல்லும் என்பது வழக்கில் இல்லை போலும்.

ஆலைகளை அடுத்த இந்துமாதா பகுதி கிண்ணம்போல் தாழ்ந்தது, மழைதோறும் மூழ்குவது. அண்மை ஆண்டுகளில் அதற்காகத் திடல்களுக்கு அடியில் பெருந்தொட்டிகள் கட்டினார்கள். பயன் கண்கூடு, ஆனால் அவை கொள்வது சில கோடி லிட்டரே. திறந்த வெளிக்கென்று சொன்ன 200 ஏக்கர் கிடைத்து, அதில் கால் பங்கான 50 ஏக்கரை மட்டும் அரை மீட்டர் தாழ்த்தித் திடலாக்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: பத்துக் கோடி லிட்டர். மழையில்லாத எட்டு மாதமும் பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடியிருப்பார்கள்.

இது கனவன்று. ஜப்பானின் யோகோகாமா நகரில், சுருமி ஆற்றின் வெள்ளம் தங்குவதற்கென விட்ட தாழ்நிலத்திலேயே, தூண்களின்மேல் ஒரு பெரிய விளையாட்டரங்கு நிற்கிறது. 2019 அக்டோபர் 12 அன்று பெரும்புயல் தாக்கியது. ஆற்றுநீர் அரங்கின் அடியில் வந்து தேங்கியது. மறுநாளே அங்கு உலகக் கோப்பை ரக்பி ஆட்டம் நடந்தது.

இனி நம்மவர் செய்திக்கு வருகிறேன். தோல் பதனிடும் தொழிலைப் பற்றிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தோர் தலைமுறை தலைமுறையாக வாழும் தாராவி, தானே மாகிம் கழியின் சதுப்பில் எழுந்த ஊர். அது இப்போது புதிதாகக் கட்டப்பட இருக்கிறது. ஊருக்குள்ளேயே வீடு பெறத் தகுதியில்லாதவர்களுக்கு வெளியே வாடகை வீடுகள் கட்டுவதற்காக, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டுப் பகுதிகளில் ஏறத்தாழ 256 ஏக்கர் உப்பள நிலத்தை வழங்க மத்திய அரசு 2024இல் இசைந்தது. மாடியறைகளில் குடியிருப்போர் இவ்வாறு வெளியே போக வேண்டியவர்கள். எங்கள் குடும்பமும் ஒரு மாடியறையில்தான் இருக்கிறது.

வீடு வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் தானே கழியின் ஓதமும் மேட்டிலிருந்து இறங்கும் மழையும் காத்திருக்கும் இடம் அந்த உப்பளம். மண் கொட்டி மேடாக்கினால் அந்த நீர் பக்கத்துக் குடியிருப்புக்குப் போகும்; மேடாக்காவிட்டால் புது வீட்டின் தரைத்தளத்திற்கு வரும். எளியோர்க்கு வீடும் நீருக்கு வெளியும் ஒன்றுக்கொன்று பகை என்பதுபோல் இன்று பேசுகிறார்கள். 1991இன் விதியில் இரண்டும் ஒரே வேலிக்குள் அடுத்தடுத்து இருந்தன.

உப்பளத்தில் முதல் வண்டி மண் இறங்குமுன் மூன்று எண்களை மக்கள்முன் வைக்க வேண்டும்: இன்று அந்நிலம் எத்தனை லிட்டர் நீரைத் தாங்குகிறது, கட்டியபின் எத்தனை தாங்கும், குறையும் நீருக்கு எந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் துறையில் மட்டக்கருவி பிடிக்கத் தெரிந்த நண்பர்கள் ஐவர் இருக்கிறோம். முதல் எண்ணை நாங்களே அளந்து பார்க்க எண்ணியிருக்கிறோம். அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். மராத்தியில் திருத்தித் தர யாரேனும் வேண்டும்.