பௌர்ணமி ஊரில் வயதாகும்போது

அறுபதைத் தாண்டியவர்களுக்கு எங்கள் திருவண்ணாமலையில் மாதம் பௌர்ணமியை வைத்துத்தான் ஓடும். அன்றைக்கு மலையைச் சுற்றிக் கிரிவலம் போக லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்கும். பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிடுவார்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆட்டோ நுழையாது. தேரடி வீதிப் பக்கம் குடியிருப்பவர்கள் பால் பாக்கெட் வாங்கக்கூடக் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, என் மூட்டுவலியோடும் வீட்டுக்காரரின் சர்க்கரையோடும் இங்கேயே காலம் தள்ளுகிறவள் நான். பழகிக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் மருந்து. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே மாத்திரை டப்பாவைக் கொட்டி எண்ணிவிடுவேன். டாக்டரைப் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, பேங்க் வேலை எல்லாம் அதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். கார்த்திகை தீபம் என்றால் பத்து நாள் திருவிழா. அதற்குத் தகுந்த இருப்பு வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஓய்வூதியம் வாங்குகிற பலர் ‘அதெல்லாம் இல்லாதவங்களுக்கு’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த வீண் கௌரவம் எனக்குப் புரிவதில்லை. படியிறங்க முடியாத நாளில் வாசலுக்கு வருகிற மாத்திரையை வேண்டாம் என்பதா?

அடுத்தது கிரிவலம். இந்த ஊரில் இருந்துகொண்டு அதை விட முடியாது. முழங்காலோ பதினான்கு கிலோமீட்டருக்கு ஒத்துழைப்பதில்லை. நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். சாதாரண நாளில் விடிவதற்கு முன்பே ராஜகோபுரத்தில் கும்பிட்டுக் கிளம்பி, அக்னி லிங்கம், ரமணாசிரமம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம் என்று மெல்ல நடந்து, வெயில் ஏறுவதற்குள் ஆதி அண்ணாமலை கோயிலில் நிறுத்திக்கொள்வேன். அங்கிருந்து ஆட்டோ. இன்னொரு நாள் அங்கேயே போய் இறங்கி வாயு, குபேர, ஈசான்ய லிங்கங்களைப் பார்த்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிடுவேன்.

பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை. “டீச்சர்மா, அரை கிரிவலத்துக்கு அரை புண்ணியந்தான்” என்றாள். நான் ரமண மகரிஷியின் கதையைச் சொன்னேன். அவரே இந்த மலையில் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில் மலையைச் சுற்றக் கிளம்பினால் வழியிலுள்ள மண்டபங்களில் தங்கித் தங்கி, சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட எடுத்துக்கொண்டிருக்கிறார். நிறைமாதக் கர்ப்பிணி நடக்கிற மாதிரி நடக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். நாலு மணி நேரத்தில் முடித்தேன் என்று கடிகாரத்தைக் காட்டுவது நம் காலத்துப் பழக்கம். பக்கத்து வீட்டுக்காரி இதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டாள் என்று நினைக்காதீர்கள். “அவரு சாமி, நீங்க டீச்சரு” என்றாள்.

வெளியே சொல்லக் கூச்சப்படுகிற சங்கதி ஒன்று உண்டு. என் வயதுப் பெண்கள் பலர் நடக்கிற நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை எங்கே இருக்குமோ, எப்படி இருக்குமோ என்ற பயம். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிலர் அன்றைக்கு அதையும் விழுங்காமல் வருகிறார்கள். உச்சிவெயிலில் மயங்கி உட்கார்ந்துவிட்டு ‘பசி’ என்பார்கள். மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். பாதையில் கட்டணமில்லாக் கழிப்பறைகள் இருக்கின்றன. ஆசிரமங்களிலும் கேட்டால் விடுவார்கள். சாதாரண நாளில் ஒருமுறை போய் எது எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டால் அந்தப் பயம் போய்விடும். தண்ணீரை வாய் நிறையக் குடிக்க வேண்டாம், மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே போகலாம்.

செருப்பு விஷயத்தில் என் மேல் கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள். மலையே லிங்கம், செருப்புக் காலோடு சுற்றலாமா என்பார்கள். சர்க்கரை பல வருஷமாக இருப்பவர்களுக்குப் பாதம் மரத்திருக்கும். கண்ணாடிச் சில் குத்தினாலும், தார் ரோடு சுட்டாலும் தெரியாது. தெரிகிறபோது புண் ஆழமாகியிருக்கும். எங்கள் வீட்டுக்காரர் மிருதுவான செருப்பு போட்டுத்தான் சுற்றுகிறார். லிங்கக் கோயில்களுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே போவார். வீட்டுக்கு வந்ததும் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைக் காட்டச் சொல்வேன். விரலிடுக்கில்கூட விரலை விட்டுப் பார்ப்பேன். முதலில் சிணுங்கினார், இப்போது தானே காலை நீட்டுகிறார். வழியில் அன்னதானத்தில் கிடைக்கிற சர்க்கரைப் பொங்கலைக் கண்டால் மட்டும் என் பக்கம் திரும்பாமல் நடப்பார். நானும் பார்க்காத மாதிரி ஒரு வாய்க்கு விட்டுவிடுவேன். பாதையிலுள்ள இடுக்குப் பிள்ளையார் கோயிலின் குறுகலான வழியில் நுழைந்து வெளிவருவதை இருவரும் எப்போதோ நிறுத்தியாயிற்று. வெளியே நின்று கும்பிட்டால் போதும்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயதானால் கைரேகை தேய்ந்துபோகிறது. இயந்திரம் ‘இது நீங்கள் இல்லை’ என்கிறது. ஓய்வூதியர்களுக்கான ஆயுள் சான்றைத் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்குப் பதிவு செய்து தருகிறார். ரேகை விழாவிட்டால் முகத்தைப் படம் பிடித்துப் பதியும் செயலியும் உண்டு. ரேஷன் பொருளைப் பெரியவர்களின் வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது; உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு மனத்தாங்கல், சொத்துத் தகராறு, தனிமை என்று எதுவானாலும் முதியோருக்கான 14567 என்ற எண் இருக்கிறது. அதை போனில் பதிந்துவைத்தால் மட்டும் போதாது. சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் கண்ணாடியைத் தேட முடியாது.

வெளியூரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பஸ் எந்தத் தற்காலிக நிலையத்தில் நின்றது, எந்த ரோட்டில், வண்டி எண் என்ன, உங்கள் போன் நம்பர் என்ன என்பதை ஒரு சீட்டில் எழுதி அவர்கள் சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ வைத்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். அவர்கள் கையில் போன் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் மணி அடிப்பது காதில் விழாது.