கலமென்சவ்வு வளையுமாறு

தமிழாசிரியராகிய நாம் உயிரியல் பற்றி எழுதப் புகுவது பழைய மாணவர் சிலருக்கு வியப்பாகலாம். 'கலம்' என்னுஞ் சொல்லே எம்மை இதன்கண் ஈர்த்தது. தமிழ்நாட்டு நூல்கள் பல 'செல்' என வழங்குவதை ஈழத்துப் பாடநூல்கள் கலம் என்றே வழங்கி வருகின்றன. கலமாவது பாத்திரம். சுட்ட மட்கலத்தை வளைக்கப் புகின் உடையும். உயிர்க்கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வோ குழிந்தும், பிதுங்கியும், அறுந்தும், மீண்டும் ஒட்டியும் உடையாதிருக்கின்றது. அதனை வளைப்பவை யாவை? (தாவரங்களின் கலச்சுவர் வேறு, மென்சவ்வு வேறு என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.)

மென்சவ்வு இலிப்பிட்டு மூலக்கூறுகளின் இரு படைகளாலானது. அதன் தடிப்பு ஏறக்குறைய 5 நனோமீற்றர். இரண்டு இலட்சம் மென்சவ்வுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினாற்றான் 1 மில்லிமீற்றர் உயரும். இத்துணை மெல்லியதாயினும் அது தானே வளைந்து உருண்டை ஆகிவிடுவதில்லை. 1973 இல் கெல்பிரிச்சு என்னும் பௌதிக அறிஞர் வளைவுக்காகும் ஆற்றலைக் கணிக்கும் முறையை வகுத்தார். அதன்படி, தட்டையான மென்சவ்விலிருந்து ஒரு சிறு புடகத்தை உருவாக்க, ஒரு மூலக்கூறின் வெப்ப அசைவாற்றலைப் போலச் சில நூறு மடங்கு ஆற்றல் வேண்டும். புடகம் பெரிதாயினுஞ் சிறிதாயினும் செலவு ஒன்றே என்பது இக்கணக்கின் விந்தை. இச்செலவை ஏற்பவை புரதங்கள்.

இவற்றுட் புகழ்பெற்றது கிளாத்திரின். 1964 இல் உறொத்து, போட்டர் என்போர் நுளம்பின் முட்டைக்கலத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். மஞ்சட்கருப் புரதம் உட்புகும் இடங்களிலே மென்சவ்வு குழிந்து, அக்குழிகளின் உட்புறத்தே மயிர்செறிந்தாற்போன்ற ஓர் உறை படிந்திருக்கக் கண்டனர். அவர்கள் ஆராய்ந்த நுளம்பு ஈடிசு எகிப்தி. நம்மவர் டெங்குக் காய்ச்சலால் நன்கறிந்த அதே இனம். அவ்வுறையின் புரதத்தை 1976 இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்துக் கிளாத்திரின் எனப் பெயரிட்டவர் கேம்பிரிட்சைச் சேர்ந்த பாபரா பியேர்சு அம்மையார். அழி என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அப்பெயர்.

கிளாத்திரினின் ஓரலகு மூன்று வளைந்த கால்களையுடையது. பல அலகுகள் காலோடு கால் பின்னிக் கூடையாகின்றன. அக்கூடையின் கண்கள் அறுகோணங்களும் ஐங்கோணங்களுமாம். அறுகோணங்களை மட்டும் பின்னினாற் பாய் கிடைக்குமேயன்றிப் பந்து கிடையாது. இவ்விருவகைக் கண்களால் மூடிய உருண்டையாக, ஐங்கோணங்கள் சரியாகப் பன்னிரண்டு வேண்டும். ஐயுறுவோர் கறுப்பு வெள்ளைத் துண்டுகளாலான பழைய உதைபந்தொன்றை எடுத்துக் கறுப்புத் துண்டுகளை எண்ணுக.

இங்கு ஒரு வழக்கு உண்டு. கூடை தொடக்கத்திலேயே வளைவாகப் பின்னப்படுகிறதா? அன்றி முதலிற் பாயாகப் படிந்து பின்னர் வளைகிறதா? 1980 அளவில் வெளிவந்த படங்களிலே தட்டையான கிளாத்திரின் பின்னல்கள் தெளிவாகக் காணப்பட்டன. ஆனால் பாய் வளைய வேண்டின் அறுகோணங்கள் சில கழன்று ஐங்கோணங்களாதல் வேண்டும். அஃது எளிதன்று என மறுத்தனர் ஒரு சாரார். 2015 இல் வெளியான ஓராய்வு, உறையின் பரப்பு பெரிதும் மாறாமலே வளைவு கூடுவதைக் காட்டிப் பாய்க்கட்சியை வலுப்படுத்திற்று. எம் மனமும் அப்பக்கமே சாய்கின்றது. எனினும் வழக்கு முற்றிலும் முடிந்ததன்று.

கிளாத்திரின் தனித்து வளைப்பதுமில்லை. 'பார்' எனப்படும் புரதக் கூறு வாழைப்பழம்போல் வளைந்தது. அதன் உட்குழிந்த பக்கத்து நேரேற்றங்கள் மென்சவ்வின் எதிரேற்றங்களைப் பற்றி, மென்சவ்வைத் தன் வடிவுக்கு இழுக்கும். இதன் உருவம் 2004 இல் வெளியாயிற்று. எப்சின் போன்றவை ஒரு சுருளை ஆப்பெனப் படையினுட் செருகுவன. ஒரு பக்கத்திற் புரதங்கள் நெருக்கியடித்து நிற்றலே வளைவுக்குப் போதும் என்பாருமுளர்.

வளைந்த குழியின் கழுத்தை நெரித்து அறுப்பது தைனமின். பழ ஈக்களில் 'சிபிரே' என்றொரு விகாரம் உண்டு. யப்பானிய மொழியில் மரத்துப்போதல் என்பது பொருள். வெப்பநிலை 29 பாகை செல்சியசை எட்டியதும் அவ்வீக்கள் அசைவற்று வீழும், குளிர்ந்ததும் எழும். வீழ்ந்த ஈயின் நரம்பு முனைகளிற் குழிகள் கழுத்தறாமற் பட்டவாறே தொங்கின. அப்பரம்பரையலகு தைனமினுக்குரியது என்பது 1991 இற் புலனாயிற்று.

மனிதரிடத்தும் இஃது உயிர்ப்பிரச்சினையே. குருதியிலுள்ள கொலத்தரோற் கொழுப்பைக் கலத்தினுட் கொணரும் வாங்கிப் புரதம் இக்குழிகள் வழியே இறங்கவேண்டும். இதனை ஆராய்ந்து 1985 இல் நோபற் பரிசு பெற்ற பிரவுண், கோல்ட்சுரைன் என்போர் ஒரு நோயாளியிடத்து விந்தையொன்று கண்டனர். அவருடைய வாங்கி கொழுப்பைப் பற்றிற்று, உட்செல்லவில்லை. 839 அமினோவமிலங்கள் கோத்த அச்சங்கிலியில், கலத்தினுள் நீண்ட வாலில், தைரோசீன் இருக்கவேண்டிய ஓரிடத்திற் சிசுத்தேயீன் இருந்தது. அவ்வாலைப் பற்றியே வாங்கி குழியிற் சேர்க்கப்படுவது. பற்ற இடமின்மையால் வாங்கிகள் கொழுப்பைச் சுமந்தவாறே மென்சவ்வின்மேற் சிதறி நின்றன. அருகே குழிகளோ வழமைபோற் குழிந்து, அவையின்றியே உள்ளிறங்கின.