டெலிஃபோன்ஸ் வேலை: பெரியப்பா சொன்னதும் இன்றைய நிலையும்

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 'டெலிஃபோன்ஸில் கவர்ன்மென்ட் வேலை' தேடும் பிள்ளைகளிடம் பேசினால், அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பெரியப்பா காலத்துத் தகவல். அதை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு, தரகரிடம் பணம் கட்டியவர்களும் உண்டு. இந்த இழப்பைத் தவிர்க்க முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

நம்பிக்கை: ஃபோன் மெக்கானிக் என்றால் பி.எஸ்.என்.எல்.தான், விளம்பரம் வரும், காத்திருக்கலாம்.

2000 அக்டோபர் 1 அன்று பி.எஸ்.என்.எல். தொடங்கியபோது, தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்தவர்கள் அதற்கு மாற்றப்பட்டார்கள். கம்பத்தில் ஏறி ஒயர் மாற்றியவர், டி.பி. பெட்டியைத் திறந்து ஒயர் ஜோடி தேடியவர் எல்லாரும் அரசு ஊழியர்களாகச் சேர்ந்தவர்கள். அந்தத் தலைமுறையில் பெரும்பகுதி இன்று அங்கே இல்லை. 2019இல் அறிவித்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 78,500 பேர், அதாவது மொத்த ஊழியர்களில் பாதிக்கும் மேல், 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். பழுது பார்க்கும் வேலையில் பெரும்பகுதி ஒப்பந்தக்காரர்களிடம் போய்விட்டது. இன்று உங்கள் தெருவில் ஃபைபர் லைனைச் சரிசெய்பவர் திறமையான தொழிலாளியாக இருப்பார். ஆனால் அநேகமாக அரசுச் சம்பளம் வாங்குபவர் அல்ல. டெலிகாம் டெக்னீஷியன் பதவியும் பெரும்பாலும் உள்ளே இருப்பவர்களுக்குத் துறைத் தேர்வு வைத்து நிரப்பப்பட்டு வந்ததுதான்.

பெரியப்பாவின் பென்ஷனையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். துறையிலிருந்து மாறி வந்தவர்களுக்குத்தான் அரசு ஓய்வூதியம். பி.எஸ்.என்.எல். நேரடியாக எடுத்தவர்களுக்கு பி.எஃப்.தான்.

நம்பிக்கை: அப்படியானால் இந்தத் தொழிலுக்கு அரசு வேலையே கிடையாது.

இருக்கிறது, ரயில்வேயில். ரயில்வேக்குச் சொந்தமான தொலைபேசி அமைப்பு ஒன்று நாடு முழுக்க ஓடுகிறது. அதைப் பராமரிப்பது சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவு. சுருக்கமாக எஸ் அண்ட் டி என்பார்கள். அங்கே ஃபோன் பழுது பார்ப்பவருக்கு டி.சி.எம். என்று பெயர்.

அவர் வேலையின் கனம் தெரிய, சிக்னலோடு இணைக்கப்படாத ஒரு லெவல் கிராசிங்கைப் பாருங்கள். வண்டி வருவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட் ஃபோனில் கூப்பிடுகிறார். கேட் கீப்பர் கேட்டை அடைத்துவிட்டு, தன்னிடம் உள்ள தாளிலிருந்து 'பிரைவேட் நம்பர்' ஒன்றைச் சொல்கிறார். மாஸ்டர் அதைக் குறித்துக்கொள்கிறார். கேட் அடைபட்டதற்கு அந்த எண்தான் சாட்சி. அந்த ஃபோன் வேலை செய்யவில்லை என்றால், கேட்டுக்கு முன் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகும்படி ஓட்டுநருக்கு எழுத்தில் எச்சரிக்கை தர வேண்டியிருக்கும். நள்ளிரவு மழையிலும் டி.சி.எம். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது இதனால்தான். 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் இப்படிப்பட்ட ஒரு கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அதன்பின், கேட்களில் நடக்கும் ஃபோன் பேச்சு ஒழுங்காகப் பதிவாகிறதா என்று சோதிக்க உத்தரவு வந்தது. இத்தனை பொறுப்பான வேலையை 'சும்மா ஃபோன் ரிப்பேர்' என்று யாரும் சொல்லக் கூடாது.

டெக்னீஷியன் பதவியான இதற்கு ஆள் எடுப்பது ரயில்வே தேர்வு வாரியம். 2024 மார்ச்சில் டெக்னீஷியன் பதவிகளுக்கு 9,144 இடங்களை அறிவித்தார்கள். பிறகு அது 14,298 ஆனது. 2025இல் 6,238. இவை எல்லாத் தொழில்களும் சேர்ந்த எண்ணிக்கை, எஸ் அண்ட் டி இதில் ஒரு பங்குதான். 'கிரேடு 1 சிக்னல்' என்ற டெக்னீஷியன் பதவியை மட்டும் எடுத்தால் 2024 அறிவிப்பில் 1,092 இடங்கள், 2025இல் வெறும் 183. ஆண்டுக்கு ஆண்டு இப்படி ஏறி இறங்கும் என்பதைத் தெரிந்துகொண்டே தயாராக வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் கிரேடு 1 சிக்னலுக்கு 29,200 ரூபாய், கிரேடு 3க்கு 19,900 ரூபாய், படிகள் தனி.

நம்பிக்கை: எழுத்துத் தேர்வு கண்துடைப்பு, நேர்காணலில் ஆள் பிடித்தால்தான் வேலை.

மத்திய அரசின் குரூப் சி பதவிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே கிடையாது. டெக்னீஷியன் தேர்வு கணினியில் நடக்கிறது: 90 நிமிடம், 100 கேள்வி, தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் குறையும். அதன்பின் சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை. நேர்காணலே இல்லாதபோது, நேர்காணலில் 'பார்த்துக்கொள்கிறேன்' என்று லட்சக்கணக்கில் கேட்பவர் எதை விற்கிறார்? விண்ணப்பக் கட்டணமே 500 ரூபாய்தான். தேர்வு எழுதினால் அதிலும் 400 ரூபாய் திரும்பி வரும். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் 250 ரூபாய். தேர்வு எழுதினால் அது முழுதும் திரும்பும்.

இந்தி தெரியாவிட்டால் முடியாது என்பதும் தவறு. கேள்வித்தாளைத் தமிழிலேயே தேர்ந்தெடுக்கலாம்.

நம்பிக்கை: பெரிய படிப்பு இருந்தால் எல்லாப் பதவிக்கும் போடலாம்.

கிரேடு 1 சிக்னலுக்கு டிப்ளமோ, பொறியியல் பட்டம், இயற்பியல் அல்லது எலக்ட்ரானிக்ஸ் போன்ற பாடங்களில் பி.எஸ்சி. பொருந்தும். கிரேடு 3இன் அடித்தளம் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. அல்லது அப்ரண்டிஸ் பயிற்சி. பி.இ. படித்ததாலேயே கிரேடு 3க்கும் தகுதி வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். எந்தப் பதவிக்கு எந்த டிரேடு என்று அறிவிப்பின் பின்னிணைப்பில் இருக்கும். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

நம்பிக்கை: போத்தனூரில் அப்ரண்டிஸ் கிடைத்துவிட்டது, இனி வேலை உறுதி.

கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் ரயில்வேயின் சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனை இருக்கிறது. அங்கே கிடைப்பது நல்ல பயிற்சி, சந்தேகமில்லை. ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலையில் அமர்த்த வேண்டும் என்ற கட்டாயம் ரயில்வேக்கு இல்லை. ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு, லெவல் 1 நேரடி நியமனத்தில் 20 சதவீத இடங்களில் முன்னுரிமை உண்டு. அதற்கும் தேர்வு எழுதியாக வேண்டும். லெவல் 1 என்பது டெக்னீஷியனுக்குக் கீழ்ப்படி. உள்ளே போனபின் துறைத் தேர்வு எழுதி மேலே வர வழி இருக்கிறது. பயிற்சிக் காலத்திலேயே கணக்கையும் பொது அறிவியலையும் படிக்கத் தொடங்கியவர்களுக்கு அடுத்த அறிவிப்பு வரும்போது அவசரம் இருக்காது.