எந்த ஸ்நோபோர்டு நல்லது?

விஸ்லர் மலையில் எல்லாச் சரிவுக்கும் ஏற்ற 'ஆல்-மவுண்டன்' ஸ்நோபோர்டு வாங்க ஆசை. நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடையில் வளைத்துப் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. விஸ்லரில் டெமோ போர்டு வாடகைக்குக் கிடைக்கும். முதலில் அதில் ஏறுங்கள். காலையில் இறுகிய பனியில் வேகமாகத் திரும்பும்போது விளிம்பு பிடிக்கிறதா, நழுவுகிறதா? பர்ட்டன் கஸ்டம் கேம்பர் போன்ற, நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்த கேம்பர் வகைப் பலகைகள் இங்கே கெட்டி. முனைகள் மேல்நோக்கி வளைந்த ராக்கர் வகை புதுப்பனியில் சுகமாக மிதக்கும். இறுகிய பனியில் கொஞ்சம் வழுக்கும். பிற்பகல் மேடுபள்ளங்களில் பலகை உங்களை உலுக்கி எடுத்தால், அதன் விறைப்பு உங்களுக்கு அதிகம்.

பலகையின் நீளத்துக்கு உங்கள் உயரத்தைவிட உடல் எடையே கணக்கு.

அகலத்தில் ஏமாறாதீர்கள். பூட்ஸ் விளிம்பைத் தாண்டி 1-2 செ.மீ. நீண்டால் சரி, மிஞ்சினால் திருப்பத்தில் பனியில் உரசிக் கவிழ்த்துவிடும். பூட்ஸுக்குள் குதிகால் எழும்பினால் பலகையைத் திட்டாமல் பூட்ஸை மாற்றுங்கள்.