ஆற்றுப்படையும் இக்காலப் பாடற்குழுவும்

பத்துப்பாட்டுள் மூன்றாவதாக வைத்து எண்ணப்படுவது சிறுபாணாற்றுப்படை. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடன்மீது பாடிய இந்நூல் 269 அடிகளையுடையது. இதன்கண் கூறப்படும் எயிற்பட்டினம், நம் புதுவைக்கு வடக்கே கடலோரத்துள்ள மரக்காணப் பகுதியே என்பது அறிஞர் பலர் கருத்து. கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் உள்ளது. ஆதலின் புதுவையில் வாழும் நமக்கு இஃது அயல்நாட்டு நூலன்று. நாம் பேருந்திற் செல்லும் வழியிலே பாணர் நடந்து சென்றனர்.

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையால் வாடி எதிர்வரும் வேறொரு பாணனைக் கண்டு, தான் பெற்றதை மறையாது கூறி, இன்ன வழியிற் சென்று இன்னானைக் காண்க என விடுத்தலே ஆற்றுப்படையாம். இதனை வள்ளலின் புகழ்ப்பாட்டாகவே வகுப்பறையிற் படித்து முடிக்கின்றோம். புலவர் நோக்கமும் அதுவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் சற்று நின்று நோக்குவார்க்கு வேறொன்றும் புலப்படும். வழி கூறுபவன் எதிர்வருவோனுக்குப் பழகிய நண்பன் என நூல் கூறவில்லை. இருவரும் யாழ் ஏந்தியவர், இருவரும் பசி அறிந்தவர், அவ்வளவே. தன் தொழிலிற் போட்டியாக வரத்தக்க ஒருவனைத் தானே வள்ளல் வாயிலுக்கு அனுப்புதல் எளிய செயலோ? மேலும், அவன் தன் பழைய வறுமையையும் நாணாது உரைக்கின்றான். குட்டி ஈன்ற நாய் குரைக்கும் பாழடைந்த அடுக்களை. குப்பையில் முளைத்த கீரையை உப்புக்கும் வழியின்றி அவித்து, அயலார் காணாவண்ணம் கதவடைத்துச் சுற்றத்தார் அனைவரும் பகிர்ந்துண்ட நிலை. ஊரார்க்கு அடைத்த அக்கதவைத் தன்னைப் போலப் பாடும் ஒருவனுக்கு மட்டும் அவன் திறந்து காட்டுகின்றான். யான் நட்பென்பது இதனையே.

பாணர்க்கும் இக்காலக் கிட்டார்க் குழுவினர்க்கும் என்ன இயைபு என நகைப்பாரும் உளர். தமிழ்நாட்டிற் பாட்டென்றால் திரைப்பாட்டே என்று கொள்ளுமளவிற்குத் திரைப்படம் இசையைத் தனதாக்கிக்கொண்டது. அதற்குப் புறம்பே நின்று, தாமே எழுதித் தாமே மெட்டமைத்துப் பாடுவோர்க்குத் தயாரிப்பாளருமில்லை, நல்லியக்கோடனுமில்லை. ஒருவர் கருவியை மற்றொருவர் இரவல் பெறுவர். ஒரு குழுவின் தாளக்காரர் மற்றொரு குழுவிற்கும் சென்று வாசிப்பர். கேட்க வந்த சிலர் அடுத்த முறை தம் தோழரையும் அழைத்து வருவர். இக்கொடுக்கல் வாங்கல் நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

இதற்குச் சிறந்த சான்று சென்னையில் உள்ளது. 2018-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், கீழ்ப்பாக்கம் பெயின் பள்ளித் திடலில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முதலாக மேடையேறிற்று. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் கூடி அமைத்த குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வழங்கிய 'சாதிபேதமற்ற தமிழர்' என்னும் கருத்தினின்று அப்பெயர் பிறந்தது. பத்தொன்பதின்மர் அதில் இருந்தனர். வடசென்னையின் இறப்பு வீடுகளில் இரவெல்லாம் கானா பாடிவந்தோரும், மின்கிட்டார் பயின்றோரும், அறிவு போன்ற சொல்லிசைப் பாவலரும் ஒரே மேடையில் நின்றனர். கட்டமோளமும் சட்டியும் மேனாட்டு முரசுகளும் ஒரே தாளத்திற்கு இசைந்தன. ஆடவர் துறையாகவே இருந்த கானாவிற் பாடிய இசைவாணியின் பெயர், 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு மகளிர் பட்டியலில் இடம்பெற்றது. ஒருவர்க்கொருவர் வாயில் காட்டியதன் பயன் இது.

ஈண்டு ஓர் இடர் உண்டு. வழிகாட்டிய சிறுபாணன் பெயர் யாது? நூலில் இல்லை. புலவர் பெயரும் புரவலன் பெயரும் நின்றன; பாணன் பெயர் நில்லவில்லை. பலர் கூடிச் செய்யும் பாட்டில் எவர் பெயர் முன்நிற்பது என்னும் வினா இன்றும் தீர்ந்தபாடில்லை. 2021 மார்ச்சு மாதம் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் கேட்கப்பெற்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் முன்னோர் கதையினின்று அறிவு அதன் சொற்களை எடுத்தார். அவருடன் தீ பாடினார். சந்தோஷ் நாராயணன் இசை அமைத்தார். 2022 சூலையில், சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடுத் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அது பாடப்பெற்றது. பின்னர் மூவரும் தத்தம் பங்கைப் பற்றிப் பொதுவில் எழுத நேர்ந்தது. 2024-இல், அப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் அறிவித்தார். அவர்கள் வழக்கிற்குத் தீர்ப்புரைத்தல் மாணவனாகிய என் வேலையன்று. வள்ளுவர் 'பழைமை' என ஓர் அதிகாரமே வகுத்து, பழகிய நண்பர் உரிமையாற் கேளாது செய்ததைப் பொறுக்கச் சொல்லுகின்றார். என் பொருளைக் கேளாது எடுத்த நண்பனை யானும் பொறுப்பேன். பெயரை விட்டுவிடுதலும் அவ்வுரிமையுள் அடங்குமோ? அடங்காதென்றே எனக்குத் தோன்றுகின்றது.

நம் ஊருக்கு வருவோம். பிரெஞ்சு நாட்டில் 1982 சூன் 21-ஆம் நாள் தொடங்கிய இசைத் திருநாளின்கண், தேர்ந்தோரும் பயில்வோரும் தெருவிலேயே கட்டணமின்றிப் பாடுவர். 'இசைத் திருநாள்' என்னும் பிரெஞ்சுத் தொடரை ஒலித்தால் 'இசை செய்யுங்கள்' என்னும் ஏவலாகவும் கேட்கும். இரட்டுறமொழிதல் நமக்கே உரியதென்று செருக்குவோர் இதனை நோக்குக. இவ்விழாவை அலியான்ஸ் பிரான்சேஸ் கழகத்தார் புதுச்சேரியிலும் நடத்தியுள்ளனர். நம் தமிழ் மாணவர் நால்வர் ஐவர் அடுத்த சூன் 21 மாலை குறிப்பேட்டுடன் சென்று, புதுவையிற் பாடுவோர் பெயரையும், அவர் தாமே இயற்றிய பாட்டின் முதலடியையும், அவரை அங்கு அழைத்து வந்தவர் பெயரையும் கேட்டெழுதி வரலாம். அடுத்த மலரில் அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியரை வேண்டிக்கொள்ளுகின்றேன்.