214 கோடியைக் கடந்த ஒரு பகா எண்

முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2,14,74,83,647 கிடைக்கிறது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத பகா எண் இது. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் வெளியிட்ட பட்டியலில் இதற்கு இடமுண்டு. ஆயினும் அப்பட்டியலில் பிழைகளும் இருந்தமையால் அதனைச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

மெய்ப்பித்தவர் ஆய்லர், ஆண்டு 1772. இதன் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று அதிகம். அதற்கு உட்பட்ட பகா எண்கள் 4,792. ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்ப்பது பெரும் உழைப்பு. ஆனால் இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி ஏதேனும் இருப்பின், அதனை 248-ஆல் வகுக்கையில் மீதி 1 அல்லது 63 ஆகவே இருத்தல் வேண்டும் என அவர் கண்டார். சோதிக்க வேண்டியவை நானூறுக்கும் குறைந்தன, எதுவும் வகுக்கவில்லை. அப்போது அவர் ஏறத்தாழப் பார்வையிழந்த முதியவர்.

இப்பண்பினால் பயன் யாது? கூறெடுப்பு முறையில் கிராமங்களையோ குடும்பங்களையோ விருப்பு வெறுப்பின்றித் தேர்ந்தெடுக்கச் சமவாய்ப்பு எண்கள் தேவை. 1927-இல் டிப்பெட் வெளியிட்டது போன்ற அச்சிட்ட அட்டவணைகளே நெடுங்காலம் இதற்கு உதவின. கணிப்பொறியோ ஒரு சூத்திரத்தால் அவற்றை உண்டாக்குகிறது.

சிறு எடுத்துக்காட்டு: 1-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் 3-ஆல் பெருக்கி, 7-ஆல் வகுத்து மீதியைக் குறிப்போம். 3, 2, 6, 4, 5, 1 என ஆறு எண்களும் வந்த பின்னரே வரிசை திரும்புகிறது. 7-க்குப் பதில் 8-ஐக் கொண்டால் 3, 1, 3, 1 என உடனே திரும்பிவிடும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்து, பெருக்கும் எண்ணும் தக்கதாக அமைந்தால் எந்த எண்ணும் விடுபடாது. இதே முறையில் 1969-இல் லூயிஸ், குட்மன், மில்லர் மூவரும் 16,807-ஆல் பெருக்கி, ஆய்லரின் பகா எண்ணால் வகுத்தனர். 214 கோடிக்கு மேற்பட்ட எண்கள் வந்த பிறகே சுழற்சி முடிகிறது. அன்று அது தாராளம். இன்றைய பெருங்கணக்கீடுகளுக்குப் போதாது.

இவ்வெண் அலுவலகக் கோப்புகளிலும் மறைந்திருக்கிறது. 32 இருமங்களில் குறியுடன் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் இதுவே. பல கணிப்பொறி அமைப்புகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை இவ்வளவு இடத்தில் பதிந்து வந்தன. 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அவ்விடம் நிரம்பிவிடும். அடுத்த நொடியில் தேதி 1901 டிசம்பருக்குத் தாவும். இருபதாண்டுக் கடனின் கடைசித் தவணையும், இன்று பணியில் சேரும் இளைஞரின் ஓய்வு நாளும் அதற்கு அப்பாலேயே விழுவதால், பழைய அமைப்புகளில் பிழை இப்போதே நேரலாம்.

இதற்கும் பகா எண் என்ற பண்புக்கும் தொடர்பில்லை. மாற்றாக வந்துள்ள 64 இரும முறையின் உச்ச எண் 7-ஆல் மீதியின்றி வகுபடும். எனினும் அதில் பல்லாயிரம் கோடி ஆண்டுகளுக்கு இடமுண்டு.